புருவப் பென்சில் கையெழுத்துகள்

பழைய பேப்பர்காரர் தராசை மாட்டி முதல் கட்டைத் தூக்கி வைத்த நேரத்தில், மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறிவரும் சத்தம் கேட்டது. வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நேரே தராசுத் தட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இதை எடுத்துட்டுப் போகாதீங்க. நான் ஆவணக் காப்பகத்துலேர்ந்து வரேன். லெட்டர் போட்டிருந்தேனே.”

“கையை எடுங்கம்மா. எடை தப்பாக் காட்டுது” என்றார் பேப்பர்காரர்.

வசனக்கா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொரு வயது. குரல் மட்டும் இன்னும் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போகும்.

“எந்த லெட்டர்?”

தேடிப் பார்த்தால், அந்தக் கடிதம் தராசில் இருந்த கட்டின் மேலேயே கிடந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. முத்திரை குத்திய உறைக்குள் நல்ல சேதி இருக்காது என்பது வசனக்காவின் முப்பது வருட அனுபவம். வந்ததை வந்தபடியே பழைய பேப்பர் கட்டோடு சேர்த்துவிட்டாள்.

ஆவணக்காரியே உறையைப் பிரித்து, தான் எழுதியதைத் தானே படித்துக் காட்டினாள். நாடகக் கலைஞரும் திருநங்கையர் சங்கத்தின் செயலாளருமாகிய தங்களிடம் உள்ள கையெழுத்துப் படிகள், மனுக்கள், கடிதங்கள் அனைத்தையும் காப்பகத்தில் நிரந்தரமாகப் பாதுகாக்க விரும்புகிறோம் என்று அதில் இருந்தது.

“இந்தக் குப்பையையா?” என்றாள் வசனக்கா.

ஜன்னலோரம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மகள் காலை நிறுத்தினாள். “குடுத்துடும்மா. அவங்க நிரந்தரமாப் பாதுகாக்கட்டும். எனக்கு இன்னொரு மெஷின் போட இடம் கிடைக்கும்.”

மகள் என்றால் பெற்ற மகள் அல்ல. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பெட்டியும் கையுமாக இதே படியேறி வந்து “வசனக்கா வீடு இதானா?” என்று கேட்டவள். வசனக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “செருப்பை உள்ள வை, வெளிய வெச்சா நாய் தூக்கிட்டுப் போயிடும்” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று உள்ளே வைத்த செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

பேப்பர்காரர் ஒரு டீ குடித்துவிட்டு, வெறுங்கையோடு போகமாட்டேன் என்று பழைய வாரப் பத்திரிகைகளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து ஆவணக்காரி தினமும் பத்து மணிக்கு வந்தாள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். காகிதங்கள் இருந்த இடங்களைப் பார்த்ததுமே அவளுக்குத் தலை சுற்றியது. கட்டிலுக்கடியில் இரண்டு தகரப் பெட்டி, பரணில் ஒரு வேஷ மூட்டை, போதாததற்குச் சமையலறை மூலையில் ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்று. கதவைத் திறந்தால் தட்டுத் தட்டாகக் கோப்புகள்.

“கீழ் தட்டுல வீடு கிடைக்காத கேஸ். நடுத்தட்டுல போலீஸ் கேஸ். மேல்தட்டு அடையாள அட்டை” என்று வசனக்கா கட்டிலிலிருந்தே விளக்கினாள்.

“ஃப்ரீசர்ல?”

“ஆபீசுல கிடப்புல போட்டது எல்லாம் ஃப்ரீசர்ல.”

ஆவணக்காரி அதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். கொடுத்தவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் கலைக்கக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடமாம்.

வசனக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. நாடகக் குழுவில் ஒட்டிக்கொண்ட பெயர். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வந்தபோது அவளைச் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் அந்தக் குழுதான். அங்கேயும் முதலில் நடிக்க விடவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை. ஆறு நாடகம், முப்பத்து நான்கு வேஷம், அத்தனை பேர் பேச்சும் இவள் நாக்கு நுனியில். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் நாயகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதலாளி வேறு வழியில்லாமல் இவளுக்குச் சேலை கட்டி மேடையேற்றினார். நாடகம் முடிந்ததும் எல்லோரும் வேஷம் கலைத்தார்கள். இவள் முகச்சாயத்தை மட்டும் கழுவினாள், சேலையை அவிழ்க்கவில்லை.

“வேஷத்தைக் கலைக்கலையா?” என்று கேட்டார் முதலாளி.

“கலைச்சாச்சு முதலாளி. இருபது வருஷமாப் போட்டிருந்த வேஷம். இன்னைக்குத்தான் கலைச்சேன்.”

முதலாளி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “சரி, அந்தச் சேலை கம்பெனிச் சொத்து. நாளைக்கு வேற கட்டிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழுவில் இதைப் பற்றி நடந்த விவாதம் அவ்வளவுதான். மற்ற இடங்களில் விவாதம் அத்தனை சீக்கிரம் முடியவில்லை.

மூன்றாம் நாள் ஆவணக்காரிக்குப் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. குழுவில் காகிதத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. வசனக்கா கையில் கிடைத்ததில் எல்லாம் எழுதியிருந்தாள். துண்டறிக்கையின் முதுகில் நாடகம், நாடகத்தின் முதுகில் மனு, மனுவின் ஓரத்தில் சலவைக்குப் போட்ட துணிக்கணக்கு.

“இதுல எது முன்பக்கம், எது பின்பக்கம்?” என்று ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பட்டியல்ல ஏதாவது ஒண்ணைத்தானே முதல்ல போடணும். எது முக்கியம்?”

“அன்னைக்கு எது தேவைப்பட்டுச்சோ அது.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு உனக்குத்தான் தேவை. நீயே சொல்லு கண்ணு.”

மகள் மெஷினில் இருந்தபடியே சிரித்தாள். ஆவணக்காரியும் சிரித்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எண் போட்டாள்.

அன்று பிற்பகல் வேஷ மூட்டையை அவிழ்த்தபோது ஒரு பவுடர் டப்பா உருண்டது. உள்ளே பவுடர் இல்லை. சுருட்டி வைத்த காகிதங்கள் இருந்தன. ஒரு பக்கம் தெளிவான கையெழுத்தில் ஒரு மனு. பின்பக்கத்திலும், அதோடு ஒட்டிய மூன்று தாள்களிலும் நெருக்க நெருக்கமாகக் கையெழுத்துகள். கறுப்பும் பழுப்புமாக, மெழுகு போலத் தடிப்பாக.

“இது என்ன மை?” என்றாள் ஆவணக்காரி, மூச்சுக்கூடப் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

“மை இல்ல. புருவப் பென்சில்” என்றாள் வசனக்கா. கட்டிலை விட்டு இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் தரையில் உட்கார்ந்தால் நீளமான கதை என்று மகளுக்குத் தெரியும். மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வந்தாள்.

முப்பத்தேழு வருடங்களுக்கு முன் நடந்தது அது. குழுவில் நாட்டியக்காரி ஒருத்தி இருந்தாள், அவளும் திருநங்கைதான். மேடையிலிருந்து குதிக்கிற காட்சியில் பலகை நழுவி, தொடை எலும்பு முறிந்துபோனது. தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆண்கள் வார்டில் போடுகிறோம் என்றார்கள். செத்தாலும் போகமாட்டேன் என்றாள் அவள். பெண்கள் வார்டில் இடமில்லை என்றார்கள். எட்டிப் பார்த்தால் நான்கு கட்டில் காலி. கடைசியில் இரண்டு வார்டுக்கும் நடுவிலிருந்த தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். மூன்று நாள். போகிற வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டே கிடந்தாள். வலி வந்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

வசனக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதுவரை மனு என்று எதையும் எழுதியவள் இல்லை. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு ஒன்று எழுதினாள். அதே மத்தியானம் இன்னொரு வேலையும் இருந்தது. அன்று மாலை நாடகத்தில் ராஜா படிக்கிற அரச கட்டளையைப் புதிதாக எழுதித் தரவேண்டும். ராஜா வேஷக்காரருக்கு எதுவும் மனப்பாடம் ஆகாது. அதனால் அவர் காட்சிகளில் எல்லாம் ஓலை வந்துகொண்டே இருக்கும், அவரும் பிரித்துப் படித்துக்கொண்டே இருப்பார். இரண்டையும் எழுதி, மடித்து, ஒரே மாதிரி உறையில் போட்டாள். ஒன்றை ஆஸ்பத்திரித் தபால் மேஜையில் கொடுத்தாள். இன்னொன்றை ராஜாவின் இடுப்பில் செருகினாள்.

“மாத்திக் குடுத்துட்டீங்க” என்றாள் ஆவணக்காரி. கையுறைக்குள் விரல்கள் வாயைப் பொத்தியிருந்தன.

“மாத்தித்தான் குடுத்தேன்.”

அரண்மனைக் காட்சி. ராஜா சிம்மாசனத்தில் இருந்து எழுந்தார், உறையைப் பிரித்தார், மீசையை முறுக்கினார், கூரை அதிரப் படித்தார்: “பெருமதிப்பிற்குரிய ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது.”

ராஜா தன் மந்திரியையே ஐயா என்கிறாரே என்று கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னால் வசனக்காவுக்கு அப்போதுதான் உறை மாறியது புரிந்தது. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினாள். ராஜாவுக்குக் கிட்டப்பார்வை, தாளைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குப் படித்தார். “எங்கள் தோழி கால் முறிந்து மூன்று நாளாகத் தாழ்வாரத்தில் கிடக்கிறாள். ஆண்கள் பகுதியில் இடம் இருக்கிறது, அங்கே அவள் படுக்கமாட்டாள். பெண்கள் பகுதியில் இடம் இருக்கிறது, அங்கே அவளை நீங்கள் விடமாட்டீர்கள். ஐயா, ஒருத்திக்கு நோவு வந்தால் படுக்கத் தாழ்வாரம்தானா?”

சிரிப்பு அடங்கிவிட்டது. படித்தவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். கடைசி வரியில் குரல் இறங்கியது. ஆனாலும் நடிகர் அல்லவா, வெறுமனே முடிக்க மனம் வரவில்லை. தாளை உயர்த்திப் பிடித்து, “இது நம் கட்டளை” என்று ஒரு போடு போட்டார்.

முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அதே ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். அன்று விடுமுறை என்று நாடகம் பார்க்க வந்திருந்தாள். “கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்டாள்.

அந்தக் கொட்டகையிலேயே டிக்கெட் கிழிப்பவரிடம் மட்டும் ஒரு பேனா இருந்தது. அதுவும் ஏழாவது கையெழுத்தில் தீர்ந்துபோனது. வேஷ அறையிலிருந்து புருவப் பென்சில்களைக் கொண்டுவந்தார்கள். காட்சியை நிறுத்திவிட்டு வரிசையில் நின்றார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர். ராஜாவும் போட்டார், ராஜா என்று.

“அப்போ ஆஸ்பத்திரிக்குப் போனது?” என்றாள் ஆவணக்காரி.

“ராஜா கட்டளை. இந்த நாட்டில் இனி அனுமதி இல்லாமல் யாரும் தும்மக்கூடாது, தும்ம விரும்புவோர் மூன்று நாள் முன்னதாக இரண்டு பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்னு.”

மகளுக்குப் பத்துத் தடவை கேட்ட கதைதான். இருந்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். வேலை பார்க்கிற இடத்தில் போய்ப் பகடி செய்துவிட்டோமே, நாட்டியக்காரியைத் தாழ்வாரத்தில் இருந்தும் தள்ளிவிடப் போகிறார்களே என்று பயந்துகொண்டுதான் போனாள் வசனக்கா. அறை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். உள்ளே போனால், மனுஷர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தும்மல் கட்டளை மேஜை மேல் விரித்திருந்தது. ஓரத்தில் பச்சை மையால் எழுதியிருந்தார்: அடுத்த பக்கம் எங்கே?

“அனுமதி வர்றதுக்குள்ள தும்மல் வந்துட்டா என்ன பண்றது?” என்று கேட்டார்.

அடுத்த பக்கம் என்று ஒன்று எழுதவே இல்லை. வசனக்கா ஒரு நொடிதான் யோசித்தாள். பிறகு அங்கேயே நின்று, ராஜாவாகவும் மந்திரியாகவும் தும்மல் வந்த காவல்காரனாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினாள். வாசலில் குமாஸ்தாக்களும் ஆயாக்களும் கூடிவிட்டார்கள். கடைசியில் ராஜாவுக்கே தும்மல் வந்து, விண்ணப்பப் படிவம் தீர்ந்துபோய்விட்டது என்று மந்திரி கையை விரிக்கிற இடத்தில் மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சமயம் பார்த்து, மடியிலிருந்த கையெழுத்துத் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவர் நான்கு தாளையும் பொறுமையாகப் படித்தார். “இந்தக் கையெழுத்து எங்க நர்ஸோடதா?” என்றார். ஆமாம் என்றாள். அவர் பேனாவை எடுத்தார். ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி மணியை அடித்தார். மாலை நான்கு மணிக்கு நாட்டியக்காரியைப் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். ஒரு வாரத்தில், மாவுக்கட்டுக் காலோடு கையை மட்டும் வைத்து ஆடிக் காட்டி, வார்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தாள்களை மேலதிகாரி வைத்துக்கொள்ளவில்லை. “பத்திரமா வெச்சுக்கங்க. நாளைக்கு வேற ஒருத்தர் இந்த நாற்காலிக்கு வருவார்” என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மனு எழுத வசனக்காவிடம் போ என்று ஊருக்குள் பேச்சானது. வீடு தராதவர்கள் மேல், அட்டை தராதவர்கள் மேல், பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவர்கள் மேல் என்று எழுதினாள். சங்கம் தொடங்கியபோது செயலாளர் யார் என்று யாரும் வாக்கெடுக்கவில்லை. பேனா யார் கையில் இருந்ததோ அவள்தான்.

நான்காம் நாள், தகரப் பெட்டியின் அடியில் இன்னொரு கட்டு கிடைத்தது. அதை மட்டும் வசனக்கா சட்டென்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுடைய சொந்த அக்கா எழுதிய கடிதங்கள். வருடத்துக்கு ஒன்று. அப்பா இருந்தவரை அவருக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டு விலாசத்திலிருந்து வந்தவை.

கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, தானே முதல் மூன்றை எடுத்து ஆவணக்காரியிடம் நீட்டினாள். “மேல் வரியை மட்டும் பாரு.”

முதல் கடிதம் “அன்புள்ள தம்பிக்கு” என்று தொடங்கியது. இரண்டாவதில் “அன்புள்ள” என்று எழுதி, அதற்கப்புறம் ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டு, சேதி ஆரம்பித்தது. மூன்றாவதில் எழுத்துக்கூட்டி எழுதியது போல அழுத்தமாக, “அன்புள்ள தங்கச்சிக்கு.” அதற்குப் பிறகு வந்த இருபத்தெட்டும் தங்கச்சிக்குத்தான்.

ஆவணக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். “இதையும் குடுப்பீங்களா?”

“எழுதினவ உசிரோட இருக்கா. அவளைக் கேக்கணும்.”

மகள் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அக்காவுக்கு இப்போது எழுபத்தாறு. காது மந்தம். இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

“என்னது, எல்லாரும் படிப்பாங்களா?” என்று கத்தினாள் அக்கா.

“ஆமாக்கா. வேண்டாம்னா சொல்லு, நானே வெச்சுக்கறேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “எழுத்துப் பிழையெல்லாம் திருத்திட்டு வைக்கச் சொல்லுடி. எனக்கு ‘ல’வும் ‘ள’வும் அப்பவே தகராறு” என்றாள்.

“திருத்தக் கூடாதாம்க்கா.”

“அப்ப என் மருமக படிக்கக் கூடாதுன்னு எழுதிக்கச் சொல்லு. அவளைப் பத்தி நாலு இடத்துல இருக்கு.”

கடைசியில், அக்கா காலம் உள்ளவரை அந்தக் கட்டை யாருக்கும் திறந்து காட்டுவதில்லை என்று எழுதி ஒட்டினார்கள். அப்படி ஒரு விதி காப்பகத்தில் ஏற்கெனவே இருந்தது. மருமகளுக்காக அதைப் பயன்படுத்தியது அதுவே முதல் தடவையாம்.

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. படிவத்தில் முதல் கட்டத்தில் ‘அளிப்பவரின் இயற்பெயர்’ என்று இருந்தது. ஆவணக்காரி அதைக் காட்டத் தயங்கி, தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள். “இது பழைய படிவம். வேணும்னா விட்டுடலாம்.”

வசனக்கா அவள் கையை நகர்த்திவிட்டுப் படித்தாள். “இயற்பெயர்னா இயல்பா இருக்கற பேருதானே?” என்று கேட்டுவிட்டு, ஊர் கூப்பிடுகிற பேரையே பெரிய எழுத்தில் எழுதினாள். பழைய பெயர் இருந்த பள்ளிச் சான்றிதழைக் காட்டி மகள், “அதை அடுப்புல போட்டுடலாமா?” என்று கேட்டாள். “எதுக்கு? கணக்குல தொண்ணூத்திரண்டு வாங்கியிருக்கேன். அதுவும் போகட்டும் பெட்டியில” என்றாள்.

பதினோரு பெட்டிகள் வண்டியேறின. ஃபிரிட்ஜும் கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். மறுவாரமே இரண்டாவது தையல் மெஷின் வந்து இறங்கியது.

மூன்று மாதம் கழித்து, வேறொரு ஊரிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருத்தி சலவைக்கடை வைத்திருந்தவள், வசனக்காவைவிட இரண்டு வயது மூத்தவள். இன்னொருத்தி அவளை அழைத்துவந்த வாடகைக் கார் ஓட்டுநர். இருவரும் திருநங்கைகள். சலவைக்கடைக்காரிக்கு வயதாகிவிட்டது, முதியோர் இல்லத்தில் சேரவேண்டும். ஆண்கள் பகுதியில்தான் இடம் தருவோம் என்கிறார்கள். ஆஸ்பத்திரி மனுவைப் பார்த்து அதே மாதிரி ஒன்று எழுத வேண்டும்.

“அது இப்ப என்கிட்ட இல்லையே” என்றாள் வசனக்கா. “வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்.”

காப்பகத்தின் படிப்பறையில் பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். புதிதாக வந்த உதவியாளருக்கு இவள் யாரென்று தெரியாது. “ஆய்வின் நோக்கம்னு இருக்கே, அதையும் நிரப்புங்க” என்றார். வசனக்கா ‘முதியோர் இல்லத்தில் இடம்’ என்று எழுதினாள்.

“இது ஆய்வு இல்லையேம்மா.”

“இல்லைங்க. வேலை.”

சத்தம் கேட்டு ஆவணக்காரி உள்ளிருந்து ஓடிவந்தாள். நான்காம் பெட்டியைத் தானே தூக்கிவந்து மேஜைமேல் வைத்தாள். மூன்று பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். கார் ஓட்டுநர் எழுத, மற்ற இருவரும் கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள்.

“அந்தப் ‘பணிவுடன்’ வேண்டாம்” என்றாள் சலவைக்கடைக்காரி. “எழுபத்து மூணு வயசாச்சு. குனிஞ்சா இடுப்புப் பிடிச்சுக்குது.”

“மேல ஒரு பணிவு, கீழ ஒரு பணிவு போடு. நடுவுல என்ன வேணா கேக்கலாம்” என்றாள் வசனக்கா.

உதவியாளர் மூன்று தடவை வாயில் விரல் வைத்துக் காட்டினார். நான்காவது தடவை அவரே நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, இல்லத்துக்குப் பொறுப்பான இலாகாவின் சரியான விலாசத்தைச் சொன்னார். நாலே முக்காலுக்கு மனு தயார்.

பதில் பத்தொன்பதாம் நாள் வந்தது. பெண்கள் பகுதியில், மாடியில், காற்று வருகிற அறை. போன ஒரே வாரத்தில் சலவைக்கடைக்காரி அங்கே இஸ்திரி சரியில்லை என்று தகராறு செய்து, சலவை அறைச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இப்போது அங்கே படுக்கை விரிப்புகளின் மடிப்பில் கை வைத்தால் கிழித்துவிடுமாம், அவ்வளவு கூர்மை.